பாலைவனத்துல ஒரு டிரான்ஸ்மிட்டரை ஒளிச்சு வெச்சுட்டுத் தேடுறாங்க!

சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. அதே ஆட்டத்தை நூறு, இருநூறு கிலோமீட்டர் தூரத்துக்கு விரிச்சு, ஒளிஞ்சுக்கிற ஆளுக்குப் பதிலா ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டரை வெச்சா எப்படி இருக்கும்? அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா ஹாம் ரேடியோக்காரர்கள் பல வருஷமா இதைத்தான் விளையாடிக்கிட்டு இருக்காங்க. தேர்வு எழுதி உரிமம் வாங்கி, சொந்த ரேடியோவுல பொழுதுபோக்காகப் பேசுறவங்கதான் ஹாம்கள். இந்த விளையாட்டை அவங்க ‘டி-ஹன்ட்’னு சொல்வாங்க. ‘ஃபாக்ஸ் ஹன்ட்’னும் பேர் உண்டு. நரி எதுன்னா, அந்த டிரான்ஸ்மிட்டர்தான்.

விதிகள் ரொம்ப எளிமை. ஒளிக்கிறவர் முன்கூட்டியே கிளம்பிப் போய், மொஹாவே பாலைவனத்துல எங்கேயாவது டிரான்ஸ்மிட்டரை வெச்சுடுவார். வேட்டைக்காரங்க லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு கடலோரக் குன்றின் மேல கூடுவாங்க. அங்கே நிக்கும்போது சிக்னல் காதில் விழணும், அவ்வளவுதான் நிபந்தனை. வழக்கமான அலைவரிசை 146.565 மெகாஹெர்ட்ஸ். யார் முதல்ல போய்ச் சேர்ந்தாங்கன்னு பார்க்கிற வேட்டைகளும் உண்டு. ஆனா எனக்குப் பிடிச்ச வகை வேற: யாருடைய வண்டி குறைஞ்ச தூரம் ஓடிக் கண்டுபிடிச்சதோ, அவங்களுக்குத்தான் வெற்றி. வேகமா ஓட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. யோசிச்சு ஓட்டணும்.

சரி, எப்படித் தேடுறது? 146 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2 மீட்டர். அதனால அரை அலை நீளமுள்ள ஒரு மீட்டர் கம்பிகளை வெச்சே நல்ல யாகி ஆன்டெனா கட்டிடலாம். நம்ம வீட்டு மொட்டை மாடியில ஒரு காலத்துல மீன் முள்ளு மாதிரி டிவி ஆன்டெனா நின்னுதே, அதோட தம்பி. தச்சர் வெச்சிருக்கிற ஸ்டீல் டேப்பை வெட்டி, பிவிசி பைப்பில் பொருத்திச் செய்யும் யாகி ஹாம்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். புதருக்குள்ள நுழைஞ்சாலும் வளைஞ்சு நிமிர்ந்துடும். ஆன்டெனாவைச் சுத்தித் திருப்பணும். எந்தப் பக்கம் மீட்டர் முள் அதிகமா ஏறுதோ, அந்தத் திசையை மேப்பில் கோடு போடணும்.

கேட்க சுலபமா இருக்கு இல்லையா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. சின்ன யாகியோட உச்சம் அகலமானது. பத்து டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாலும் முள் பெருசா அசையாது. உங்க கோடு 5 டிகிரி தப்பினா, 100 கிலோமீட்டர் தூரத்துல நீங்க கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் தள்ளி நிப்பீங்க. இதுல திசைகாட்டி வேற. அந்தப் பாலைவனப் பகுதியில காந்த வடக்கு, உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 11 டிகிரி கிழக்கே விலகி இருக்கு. அதைச் சேர்க்க மறந்தா 19 கிலோமீட்டர் போச்சு! நம்ம ஊர்ல இந்த விலகல் ஒன்றிரண்டு டிகிரிதான், அதனால நமக்கு இது உறைக்கிறதே இல்லை. காரோட இரும்பும் திசைகாட்டி முள்ளை இழுக்கும். வண்டியை விட்டுத் தள்ளி நின்னுதான் பார்க்கணும்.

ஒரு கோடு திசையை மட்டும்தான் சொல்லும். இடம் தெரியணும்னா வேற இடத்துல இருந்து இன்னொரு கோடு வேணும். இரண்டும் செங்குத்தா வெட்டிக்கிட்டா துல்லியம் அதிகம். அதுக்கு சிக்னலை நோக்கிப் போகாம, பக்கவாட்டுல விலகிப் போகணும். ஆனா விலகிப் போற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்க கணக்குல ஏறும். நேரா போறதா, விலகிப் போறதா? முதல் ஒரு மணி நேரத்துலயே வண்டிக்குள்ள சண்டை ஆரம்பிக்கிறது இந்த இடத்துலதான்.

அடுத்த சிக்கல் மலைகள். லாஸ் ஏஞ்சலஸுக்கும் பாலைவனத்துக்கும் நடுவுல 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் இருக்கு. இந்த அலைகள் மலையைத் துளைச்சுக்கிட்டு வராது. விளிம்புல வளைஞ்சு வரும், இல்லைன்னா பாறையில மோதித் திரும்பி வரும். ஆன்டெனா உங்களுக்குச் சொல்றது “டிரான்ஸ்மிட்டர் இந்தப் பக்கம் இருக்கு”ன்னு இல்லை, “பலமான அலை இந்தப் பக்கத்துல இருந்து வருது”ன்னு மட்டும்தான். இந்த வித்தியாசம் புரிஞ்சவர் வேட்டைக்காரர். அதைவிட நல்லாப் புரிஞ்சவர் ஒளிக்கிறவர்! அவரும் ஒரு யாகியை எடுத்துக்கிட்டுப் போய், அதை ஊர்ப்பக்கம் காட்டாம எதிர்ல இருக்கிற மலைமுகட்டை நோக்கித் திருப்பி வெச்சுடுவார். எல்லாருடைய கோடும் அழகா அந்த மலையில் போய் முடியும். இதுக்கு மருந்து ஒண்ணுதான். ஒரே அளவை நம்பாம, போகிற வழியில உயரமான இடங்களில் நிறுத்தி நிறுத்தி அளக்கணும். மோதி வர்ற சிக்னல் இடத்துக்கு இடம் குணம் மாறும், கரகரக்கும், திசை தாவும். நேர்ல வர்ற சிக்னல் அவ்வளவு ஆட்டம் காட்டாது.

இவ்வளவும் சொன்னாலும், என்னைக் கேட்டா, தூரத்துல இருக்கும்போது வேலை சுலபம். கிட்ட போனதும்தான் உண்மையான தலைவலி. ஏன்னு பார்ப்போம்.

தடையில்லாத வெளியில, தூரம் பத்தில் ஒரு பங்கானா சிக்னல் 20 டெசிபெல் கூடும். 100 கிலோமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரைக்கும் வர்றீங்கன்னா, தூரம் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 100 டெசிபெல். வலு ஆயிரம் கோடி மடங்கு கூடிப் போச்சு! ஆனா ரேடியோவோட மீட்டர் இதுல ஒரு சின்னத் துண்டைத்தான் காட்டும். டிரான்ஸ்மிட்டர் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே முள் கடைசிக்கு ஏறி உக்காந்துடும். அப்புறம் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘ஃபுல்’. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுக்கிட்டு, பாட்டு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு கேட்டா எப்படி இருக்கும், அப்படி.

அப்போ என்ன செய்யணும்? சிக்னலைக் குறைக்கணும். ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவுல அட்டெனுவேட்டரைப் போடலாம். கொஞ்ச தூரம் அது போதும். அதுக்கப்புறம் கேபிள் வழியா சிக்னலைத் தடுத்தாலும், பலமான அலை ரேடியோவோட பிளாஸ்டிக் உறை வழியாவே நேரா உள்ளே புகுந்துடும். கதவைப் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வெச்ச கதை.

இதுக்கு ஹாம்கள் கண்டுபிடிச்ச தீர்வு இருக்கே, நம்ம கம்யூனிகேஷன் லேபில் மிக்ஸர் பாடம் தூங்கிக்கிட்டே கேட்டவங்களும் ரசிக்கலாம். ஆன்டெனாவில் வர்ற 146.565-ஐ, ஒரு சின்ன டயோடு வழியா 4 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரோடு கலக்குறாங்க. கூட்டுத்தொகையா 150.565 மெகாஹெர்ட்ஸில் ஒரு புதுச் சிக்னல் பிறக்கும். ரிசீவரை இப்போ அந்த 150.565-க்கு மாத்திடணும். உறை வழியா நுழையுற சிக்னல் இன்னும் 146.565-தான், ரிசீவர் அதைக் கண்டுக்காது. ஆஸிலேட்டரோட அளவை ஒரு பொட்டென்ஷியோமீட்டரால் குறைச்சா புதுச் சிக்னலும் குறையும். ஒரு கிரிஸ்டல், ஒரு டயோடு, ஒரு திருகு, வேலை முடிஞ்சது. இதை ஆஃப்செட் அட்டெனுவேட்டர்னு சொல்றாங்க. மினி புராஜெக்ட் தேடுறவங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

எதுவுமே கையில் இல்லைன்னா? எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையோட மும்மடங்கிலும் லேசா கசியும். 146.565-க்கு அது 439.695 மெகாஹெர்ட்ஸ். இந்தக் கசிவு மூலச் சிக்னலைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனம், அதனால பக்கத்துல போனாத்தான் கேட்கும். அது கேட்க ஆரம்பிச்சா வண்டியை நிறுத்திட்டு இறங்கி நடக்கலாம். இறங்கினப்புறம் கைரேடியோவை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. எந்தப் பக்கம் பார்க்கும்போது சிக்னல் ரொம்பக் குறையுதோ, டிரான்ஸ்மிட்டர் உங்க முதுகுப் பக்கம் இருக்கு. உங்க உடம்பே தடுப்புச் சுவர்!

இப்படி நடந்துபோய்க் கடைசியில பார்த்தா, ஒரு கிரியோசோட் புதர் அடியில பழைய ராணுவத் தோட்டாப்பெட்டி. உள்ளே பேட்டரியும் ரேடியோவும், கிளையோட கிளையா மெல்லிய கம்பி ஆன்டெனா.

கையை மட்டும் சட்டுனு விட்டுடாதீங்க. மொஹாவேயில் கிலுகிலுப்பை விரியன் பாம்புகள் உண்டு. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் நிறைய. மீட்டரையே பார்த்துக்கிட்டு நடக்கிறது ஆபத்து. பல இடங்களில் மொபைல் டவர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 4 லிட்டர் தண்ணீர், மணல்ல மாட்டினா தோண்ட மண்வெட்டி, எந்தப் பாதையில் போறோம்னு வெளியில யாருக்காவது தகவல், இவ்வளவும் இல்லாம கிளம்பக் கூடாது. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: நிறுத்தின வண்டியை எடுக்கும் முன்னால குனிஞ்சு அடியில பார்க்கச் சொல்வாங்க. அழியும் ஆபத்துள்ள மொஹாவே ஆமைகள் வெயிலுக்கு வண்டி நிழல்ல வந்து ஒதுங்கியிருக்கும்.

“நாள் பூரா டீசலைக் கொளுத்தி ஒரு டப்பாவைத் தேடுறதுல என்ன லாபம்?”னு கேட்பீங்க. விமானங்களில் அவசரகால பீக்கன் ஒண்ணு இருக்கும். விழுந்தா தானா ஒலிபரப்பும். 406 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை காஸ்பஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் பிடிக்கும். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கு. ஆனா பீக்கன் ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லலைன்னா, செயற்கைக்கோள் காட்டுறது சில கிலோமீட்டர் வட்டம். அதுக்குள்ள தேட, மீட்புக் குழு 121.5 மெகாஹெர்ட்ஸில் அதே பீக்கன் போடும் இன்னொரு சிக்னலைப் பின்தொடரணும். அந்த வட்டத்துக்குள்ள ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கலாம், பக்கத்துலயே பொய்த் திசை காட்டும் ஒரு மலை இருக்கலாம். வந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய் வேற. முரட்டுத்தனமா தரையிறங்கின ஏதோ ஒரு குட்டி விமானத்தோட பீக்கன், பூட்டின கொட்டகைக்குள்ள கத்திக்கிட்டு இருக்கும். வரிசையா நிக்கிற தகரக் கொட்டகைகள் நடுவுல எது கத்துதுன்னு கண்டுபிடிச்சு அணைக்கிற வரைக்கும் அந்த அலைவரிசையில வேற ஒருத்தரோட உண்மையான அபயக்குரல் அமுங்கிப் போகும். கடைசி நூறு மீட்டரைத் தேடிப் பழகின கை அங்கே தேவைப்படுது.

கார் இல்லாம ஓடித் தேடும் வடிவமும் இருக்கு. 1980-ல் போலந்தில் அதோட முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்துச்சு. காட்டுக்குள்ள ஐந்து டிரான்ஸ்மிட்டர், ஆளுக்கு ஒரு நிமிஷம் முறை வெச்சு ஒலிபரப்பும். எத்தனையாவது டிரான்ஸ்மிட்டரோ, கடைசி எழுத்தில் அத்தனை மோர்ஸ் புள்ளி. எண்ணத் தெரிஞ்சா போதும்.

நீங்க டிரான்ஸ்மிட் பண்ணணும்னா நம்ம நாட்டுலயும் உரிமம் கட்டாயம். 12 வயசு நிறைஞ்ச யாரும் தேர்வு எழுதலாம். ஆனா திசை தேடிப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டாம். தாத்தாவோட பழைய மீடியம்வேவ் டிரான்ஸிஸ்டரை எடுங்க. உள்ளே ஃபெரைட் கம்பியில் சுத்தின காயில்தான் ஆன்டெனா. ஏதாவது ஒரு ஸ்டேஷனை வெச்சுட்டு ரேடியோவைப் படுக்கைவாட்டில் மெதுவா திருப்புங்க. ஒரு இடத்துல சத்தம் சட்டுனு அமுங்கும். அப்போ அந்தக் கம்பி ஸ்டேஷனை நோக்கி நீட்டிக்கிட்டு இருக்கு. உச்சத்தைவிட இந்தப் பள்ளம் எவ்வளவு கூர்மையா இருக்குன்னு கவனிங்க. ஸ்டேஷன் கம்பியோட எந்த முனைப் பக்கம்னு மட்டும் அது சொல்லாது. அதுக்கு ஒரு ஃப்ரெண்டை ஊரோட அந்தக் கோடிக்கு இன்னொரு ரேடியோவோட அனுப்பி வையுங்க.