கத்திக்கு முன்னும் பின்னும்

"முதுகெலும்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் பகீரென்கிறது. கால் விளங்காமல் போய்விடுமோ என்ற கவலை. 'டாக்டர் கைராசிக்காரர்தானா?' என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் கைராசி மட்டும் போதாது, அம்மணி! உங்கள் பங்கும் இருக்கிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருப்பது டிஸ்க். அது பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால் வலி வருகிறது என்று அமெரிக்க டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எழுதினார்கள். அதன் பிறகு சிகிச்சை எவ்வளவோ முன்னேறிவிட்டது. எந்த எலும்பு என்று ஆபரேஷன் அறையிலேயே எக்ஸ்ரே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா ஆபரேஷன்களுக்குமாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. நோயாளியின் பெயர் என்ன, எந்த இடத்தில் ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்! டில்லி உள்பட எட்டு நகரங்களில் இதைப் பின்பற்றிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் நேர்ந்த மரணங்கள் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கின. ஆகவே, நர்ஸ் மூன்றாம் முறை பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை வியாதி கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கலாம். இருதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின் இரத்தப்போக்கை அதிகமாக்கலாம். அதையும், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எலும்போடு எலும்பு சேர்க்கும் ஆபரேஷன் என்றால், சிகரெட் பிடிப்பவருக்கு அது ஒட்டுவதே சிரமம். சில வாரங்கள் முன்பாகவே நிறுத்திவிட வேண்டும்.

பிறகு? மாதக்கணக்கில் படுத்திருப்பதுதான் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. நடக்கலாம் என்றதும் நம் பெண்கள் நேரே அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார்கள், அதுதான் வம்பு! குனிவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதும் டாக்டர் சொல்லும் வரை கூடாது.

ஜுரம், புண்ணில் கசிவு, காலில் புதிதாகப் பலவீனம் – இவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். சிறுநீர் பிரியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, 'ராத்திரி வேளையில் எப்படிச் சொல்வது?' என்று கூச்சப்பட்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். அந்தச் சில மணி நேரத்தில் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடக் கூடும்.