பந்தயத்தை விட்டு வந்த இளம் குதிரை... பளபளப்பைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்!

'வயது மூன்றரை. பெட்டைக் குதிரை. ஏழு ரேஸ் ஓடியது, ஜெயிக்கவில்லை. நல்ல குணம். விலை பேசிக்கொள்ளலாம்.' கூடவே பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ. குதிரையேற்றம் பழகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி என்றைக்காவது வந்து சேரும். பிள்ளை அன்றிரவே குதிரைக்குப் பெயர் வைத்துவிடும். பெரியவர்கள் விலையையும் தீவனச் செலவையும் கணக்குப் போடுவார்கள். ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் குதிரையின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

குதிரை வளர்ப்பவர்கள் இதை 'கான்ஃபர்மேஷன்' என்பார்கள். நம் பேச்சில் சொன்னால் உடற்கட்டு. எலும்புகள் எந்தச் சாய்வில் சேர்ந்திருக்கின்றன, கால் நேராக இறங்குகிறதா, முதுகு எவ்வளவு நீளம் என்று பார்த்து, இந்த உடம்பு எந்த வேலையைத் தாங்கும் என்று கணிப்பது.

பந்தயத்தில் ஓடுபவை தாரோபிரெட் இனக் குதிரைகள். 17-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று ஆண் குதிரைகளில்தான் இன்றுள்ள எல்லா தாரோபிரெட்களின் தந்தைவழியும் போய் முடிகிறது. சென்னை கிண்டியின் பந்தயத் திடல் 1777-லேயே உருவானது என்பதால், இந்த இனம் நமக்கும் அந்நியமில்லை. இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் இந்தக் குதிரைகளில் பல, நாலைந்து வயதிலேயே பந்தயத்தை விட்டு வெளியேறிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆயுளோ 25 ஆண்டுகளையும் தாண்டும். அதாவது, வேலை போகும்போது வாழ்க்கையில் முக்கால் பங்குக்கு மேல் பாக்கி இருக்கிறது!

சரியான இடத்துக்குப் போனால் சவாரிப் பள்ளி, காவல்துறையின் குதிரைப் பிரிவு, தாண்டும் போட்டி என்று அடுத்த இன்னிங்ஸ் உண்டு. தாங்காத வேலைக்கு வாங்கப்பட்டால் ஒரே வருடத்தில் நொண்டும். நொண்டும் குதிரை கைமாறும். கைமாறும் ஒவ்வொரு முறையும் விலையும் கவனிப்பும் ஒரு படி இறங்கும். கல்யாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி, கடைசியில் ரோட்டோரம். இந்த இறக்கத்தின் முதல் படி, பெரும்பாலும் வாங்குபவரின் கண் செய்த தவறுதான்.

சுழி போதுமா?

குதிரை பார்த்து வாங்குவது நமக்குப் பழைய வித்தை. பாண்டிய மன்னன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரின் கதையில், வந்து நின்ற குதிரைகள் இரவோடு இரவாக நரிகளாக மாறின. பகலில் பார்த்தபோது எல்லாமே அருமையான குதிரைகள்தான்! அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால், இன்றும் குதிரையின் நெற்றியிலும் கழுத்திலும் சுழியைத் தடவிப் பார்க்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால், சுழி எந்த இடத்தில் இருந்தாலும் முழங்காலின் கோணல் நிமிராது.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமானது. அதற்குக் கீழே இருப்பது கை விரல் மாதிரி. ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில்தான் அந்தப் பெரிய உடம்பு நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, நரம்புக் கயிறு போன்ற தசைநார், தோல், அவ்வளவுதான். 500 கிலோ எடையுள்ள குதிரை முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு நொடியின் சிறு பகுதிக்கு ஒரே காலில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இறங்குகிறது. ஒரு டன்னுக்கு மேல்! அதனால்தான் அனுபவசாலிகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிறார்கள்.

எப்படிப் பார்ப்பது?

சமதளமான, கெட்டியான தரையில் குதிரையை நிறுத்தச் சொல்லுங்கள். புல்தரை வேண்டாம், குளம்பு மறைந்துவிடும். பத்தடி தள்ளிப் போய் பக்கவாட்டில் நில்லுங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் உள்ள மேட்டிலிருந்து தரை வரைக்குமான உயரமும், தோள் முனையிலிருந்து பிட்டம் வரைக்குமான நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உடம்பு சதுரக் கட்டம் மாதிரி சமநிலையில் இருக்கிறது என்று அர்த்தம். தோள்பட்டை எலும்பு சாய்ந்து இறங்க வேண்டும். நெட்டுக்குத்தாக இருந்தால் எட்டு குறுகும், மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் குலுங்கும்.

அடுத்து, குளம்புக்கு மேலே இருக்கும் சாய்வான சிறு பகுதி. வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி. அதன் சாய்வும் குளம்பின் முன்பக்கச் சாய்வும் ஒரே கோட்டில் போக வேண்டும். நெட்டையாக நின்றால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் மூட்டுக்கு நேராகப் போகும். ரொம்ப நீளமாகச் சாய்ந்திருந்தால், பின்னால் இருக்கும் தசைநார் இழுபடும்.

இனி முழங்கால். பக்கத்திலிருந்து பார்க்கும்போது கால் ஒரு தூண் போல நேராக இறங்க வேண்டும். முழங்கால் லேசாக முன்னுக்குத் துருத்திக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. ஆனால், அப்படிப்பட்ட குதிரைகள் பல ஆண்டுகள் பிரச்னையில்லாமல் உழைத்ததுண்டு. பின்னுக்கு வளைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஓடும்போது அந்த மூட்டு மேலும் பின்னுக்கு மடங்கப் பார்க்கும். முன்பக்கத்தில் எலும்பு நசுங்கும், சில்லு உடையும். இந்த இரண்டு கோணலையும் புதியவர்கள் ஒரே தராசில் வைப்பதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது.

பிறகு எதிரே வந்து நில்லுங்கள். தோள் முனையிலிருந்து ஒரு குண்டுநூலைத் தொங்கவிடுவதாகக் கற்பனை செய்யுங்கள், கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அது! அந்த நூல் முழங்கால், கணுக்கால், குளம்பு மூன்றின் நடுவிலும் இறங்க வேண்டும். குளம்பு உள்நோக்கித் திரும்பியிருந்தால் நடக்கும்போது கால் வெளியே துடுப்பு போடும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் உள்ளே வீசி மற்றொரு காலில் இடிக்கும்.

மெலிந்திருந்தால் மோசமா?

நன்றாகத் தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் இது. பந்தயத்தை விட்டு வந்த குதிரை பெரும்பாலும் விலா தெரிய, கழுத்தின் மேல்பக்கம் குழிந்து, கீழ்ப்பக்கம் தடித்துக் காணப்படும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருக்கும். லாயத்திலேயே அடைபட்டிருப்பது, தானியம் அதிகம், புல் குறைவு என்பதால் வருவது. இதெல்லாம் வாழ்க்கை போட்ட கோலம். எலும்பின் அமைப்பு இல்லை. நல்ல தீவனமும் சில மாத ஓய்வும் கிடைத்தால் வேறு குதிரையோ என்று நினைக்குமளவு மாறிவிடும்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. கொழுகொழுவென்று, எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னும் குதிரையைப் பார்த்து மயங்க வேண்டாம். சதை கோணலை மறைக்கும், சரிசெய்யாது.

வயதும் கண்ணை ஏமாற்றும். மூன்றரை வயதுக் குதிரை இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை. முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சி ஏறத்தாழ இரண்டரை வயதில் நிற்கும். முதுகெலும்புகள் ஐந்து வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். இடையில் பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து, பள்ளத்தில் நிற்பது போலத் தெரியலாம். முன்பக்கம் பிறகு எட்டிப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அதனால் இந்த வயதில் உயரத்தையும் முதுகையும் பற்றித் தீர்ப்பு எழுத அவசரப்படக் கூடாது. காலின் நேர்மையைப் பற்றி எழுதலாம். அது இனி பெரிதாக மாறாது.

தடவிப் பார்க்க வேண்டியவையும் உண்டு. முன்னங்காலின் பின்பக்கத் தசைநார் இறுக்கிய கயிறு போல நேராக இருக்க வேண்டும். வாழைப்பழம் போல வெளியே வளைந்திருந்தால் அது எப்போதோ கிழிந்து ஆறிய காயம். மெதுவான சவாரிக்குப் பிரச்னை இல்லாமல் போகலாம். தாண்டும் போட்டிக்கு வாங்குவது சூதாட்டம். காலின் உட்புறத்தில் சிறு எலும்புக் கட்டி, சூடும் வலியும் இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் அழகுக் குறைதான். வரிசையாகப் புள்ளித் தழும்புகள் தெரிந்தால், அந்த இடத்தில் முன்பு சூடு வைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எதற்காக என்று விற்பவரிடம் கேட்க வேண்டும்.

குளம்பில், நுனி நீண்டு குதி தாழ்ந்து போயிருப்பது பந்தயக் குதிரைகளிடம் சர்வ சாதாரணம். திறமையான லாடக்காரர் இருந்தால் திருத்தலாம். ஆனால், குளம்பு மேலிருந்து நுனி வரை புதிதாக வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.

நிற்கும் குதிரை, நடக்கும் குதிரை

போட்டோவை நம்பி முன்பணம் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். செல்போனைக் கிட்டே வைத்து எடுத்தால் தலை பெரிதாகும், கால் குட்டையாகும். சரிவான தரையில் நிறுத்தினால் தாழ்ந்த முன்பக்கம் உயர்ந்துவிடும். போட்டோவுக்குப் பதில் வீடியோ கேளுங்கள்: நேராக விலகிப் போவது, நேராக வருவது, பக்கவாட்டில் நடப்பது, கெட்டித் தரையில் மெல்ல ஓடுவது. நடையில் பின்னங்குளம்பு, முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டி விழுந்தால் நல்ல எட்டு. ஓடும்போது தலை ஆடுகிறதா என்று பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும்.

எல்லாம் அளவுகோலுக்குள் அடங்குவதும் இல்லை. அமெரிக்காவின் சீபிஸ்கிட், முழுதாக நிமிராத முழங்காலோடு 1938-ல் வார் அட்மிரலை நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தது. பந்தயத்தில் பெயர் வாங்காத டச் ஆஃப் க்ளாஸ் என்ற பெட்டைக் குதிரை, தாண்டும் போட்டிக்குச் சிறியது என்று சொல்லத்தக்க உயரத்தோடு, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றது. மன உறுதியை அளக்கக் குண்டுநூல் இல்லை. ஆனால், இன்னொரு சீபிஸ்கிட் என்று நினைத்துக் கோணல் காலை வாங்கியவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை.

கண் ஓரளவுக்குத்தான். கடைசியில் குதிரை மருத்துவர் வர வேண்டும். விற்பவர் அழைத்து வருபவர் அல்ல, நீங்கள் அழைத்து வருபவர். காலை மடக்கிச் சிறிது நேரம் பிடித்துவிட்டு, விட்டதும் ஓடவிட்டுப் பார்ப்பார். சந்தேகமான மூட்டுக்கு எக்ஸ்ரே எடுப்பார். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

அந்த வாட்ஸ்அப் பெட்டைக்கு முழங்கால் லேசாகப் பின்னுக்கு வளைந்திருக்கிறது, மற்றதெல்லாம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். தாண்டும் போட்டிக்குக் கனவு காணும் பிள்ளைக்கு அது வேண்டாம். சமதரையில் மெதுவாகச் சவாரி பழகும் பெரியவருக்கு, எடை அதிகமில்லாதவராக இருந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு தாராளமாக வாங்கலாம். சில மாதங்கள் புல்வெளியில் விட்டு, அதன் பிறகு சேணம் வைக்கலாம்.