வீட்டுக்குள் ஒரு ஒலிக்கூடம் – 5: எந்த மென்பொருள்?

மைக் வாங்கியாயிற்று என்றால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: எந்த மென்பொருளில் பதிந்தால் குரல் நன்றாக இருக்கும்?

எதில் பதிந்தாலும் குரல் ஒன்றுதான். மைக்கில் விழும் ஒலியை எண்களாக மாற்றுவது ஆடியோ இன்டர்ஃபேஸ், யு.எஸ்.பி. மைக் என்றால் அதற்குள்ளேயே இருக்கும் சில்லு. மென்பொருள் அந்த எண்களை வாங்கி எழுதி வைக்கிறது. இலவச மென்பொருளிலும் விலை உயர்ந்ததிலும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று ஒரே அளவு வைத்துப் பதிந்தால் கோப்புகளில் வித்தியாசம் கேட்காது. 2007-ல் ரிஹானா பாடி உலகம் முழுக்க ஒலித்த ‘அம்ப்ரெல்லா’வின் டிரம்ஸ், ஆப்பிள் கணினியோடு வரும் கராஜ்பேண்டில் எல்லோருக்கும் கிடைக்கிற ஒரு லூப்பை வைத்து அமைந்ததுதான். அதனால் தரத்தை ஒதுக்கிவிட்டு, கையில் என்ன கருவி இருக்கிறது, என்ன பதியப் போகிறோம் என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

மேக், ஐபேட் அல்லது ஐஃபோன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கராஜ்பேண்ட் 2004-லிருந்து இருக்கிறது, காசு கிடையாது.

விண்டோஸ்காரர்கள்தான் தடுமாறுகிறார்கள். பலரும் முதலில் இறக்குவது ஆடாசிட்டி. 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஒற்றைக் குரலில் கதை சொல்ல, பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைக்க, பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்ற அதைவிட எளிதானது எனக்குத் தெரியவில்லை. குரல், கிட்டார், கீபோர்டு, தாளம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினால் நான் ரீப்பரைத்தான் சொல்வேன். கணினியில் பாட்டுக் கேட்கும் வினாம்ப் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் உருவாக்கியது. பழைய மடிக்கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். 60 நாள் எல்லா வசதிகளோடும் இலவசமாகப் பார்க்கலாம். பிறகு வீட்டு உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர். முதல் பார்வையில் திரை மிரட்டும். ட்ராக் சேர்ப்பது, பதிவுக்குத் தயார் செய்வது, வெட்டுவது, கோப்பாக வெளியே எடுப்பது என்ற நான்கைக் கற்றுக்கொண்டு மற்ற மெனுக்களைத் தொடாதீர்கள்.

கணினியே இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு ஃபோன் போதும். சிங்கப்பூரிலிருந்து வரும் பேண்ட்லேப் இலவசமாகவே பல ட்ராக்குகளைத் தருகிறது. பீட் உருவாக்க ஆசைப்படும் இளைஞர்கள் எஃப்.எல். ஸ்டுடியோவைத் தேடிப் போகிறார்கள். அருமையான மென்பொருள்தான், ஆனால் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, உரிமம் வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. இது தெரியாமல் ஒரு வார உழைப்பை அதில் போடாதீர்கள்.

நம் பாட்டைப் பதிபவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இவற்றில் சில ‘சி’ மேஜர், நாலு நாலு தாளம் என்ற அமைப்போடுதான் திறக்கும். ‘சி’ என்பது ஒரு கட்டை. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணின் சட்ஜமமோ ‘ஜி ஷார்ப்’. ‘சி’ மேஜரில் அந்த ஸ்வரமே இல்லை. சுருதி திருத்தும் வசதியை அப்படியே இயக்கினால் அது சட்ஜமத்தையே பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். கட்டையைச் சரியாக வைத்தாலும் ஆபத்து தீராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் படிக்கட்டு போல ஆக்கிவிடும். கர்நாடக இசையோ நாட்டுப்புறப் பாட்டோ, அந்த வசதியை அணைத்து வையுங்கள். ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் மெட்ரோனோமையும் நிறுத்துங்கள். மிஸ்ர சாபு என்றால் ஏழு எட்டு என்று மாற்றிக்கொள்ளலாம். மேக்கில் ஓடும் கராஜ்பேண்ட், ரீப்பர் இரண்டிலும் முடியும்.

தம்புராவைத் தனி ட்ராக்கில் வைத்து ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் அது குரலோடு கலந்து மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிக்கப் படாதபாடு படவேண்டும். ஹெட்ஃபோன் கம்பி உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் என்றால் உங்கள் குரலே தாமதமாகத் திரும்பி வந்து தாளத்தைக் கெடுக்கும். கம்பி இருந்தும் தாமதம் தெரிந்தால் அமைப்பில் ‘பஃபர்’ அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அதற்கே 21 மில்லிசெகண்ட் போய்விடும். 128 ஆக்கினால் மூன்றுக்கும் குறைவு. ஒலி வெடித்து வெடித்து வந்தால் 256-க்கு ஏற்றுங்கள். பாடி முடித்து மிக்ஸ் செய்யும்போது மறுபடி கூட்டிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்தது பிடிக்காமல் போனால் மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் ஆரம்பத்திலிருந்தே தொடங்கும்படி தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். ஒரு நிமிட மோனோ பதிவு சுமார் எட்டரை எம்.பி. இடம் பிடிக்கும். அந்தக் கோப்புகளை வேறெந்த மென்பொருளில் போட்டு ஒரே கோட்டில் நிறுத்தினாலும் பாட்டு அப்படியே சேர்ந்துகொள்ளும்.

(அடுத்த வாரம்: அறையின் எதிரொலியை அடக்குவது)