ஒரு மேற்கோள் குறி கற்பித்த பாடம்

நான் இரயில்வே சிக்னல் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது டிப்ளமா, கணிப்பொறியைக் கற்றது ஓய்வுக்குப் பின். பெங்களூருவில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக, முகவரி, தொலைபேசி எண்களை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்து, பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். எல்லோரும் வீட்டிலிருந்தே தேடும்படி அதை இணையத்தில் ஏற்றவும் எண்ணியிருந்தேன்.

ஒரு நாள், டி'கோஸ்டா லேஅவுட்டுக்குக் குடிபோன உறுப்பினரின் முகவரியைப் பதிந்ததும் புரோகிராம் நின்றுவிட்டது. மென்பொருள் துறையிலுள்ள என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, முகவரி கட்டளைக்குள் புகுந்துவிட்டது" என்றாள்.

எஸ்.க்யூ.எல். கட்டளையில் சொற்களை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இடவேண்டும். நான் கட்டளையையும் முகவரியையும் கூட்டல் குறியால் ஒட்டியிருந்தேன். 'டி'க்குப் பின் வரும் குறியோடு முகவரி முடிந்ததாகக் கொண்டு, மிச்சத்தைக் கணிப்பொறி கட்டளையாகப் படித்தது.

நின்றது நல்லதாயிற்று. கெட்ட எண்ணமுள்ளவர் தேடும் இடத்தில் ஒரு மேற்கோள் குறியிட்டு, 'அல்லது 1=1' என்று பொருள்பட எழுதினால் போதும்; அது எப்போதும் உண்மை. எல்லாக் குடும்பங்களின் விவரமும் வெளியே வந்துவிடும். 2015-இல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் இவ்வழியாகவே 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவு போயின. மறு ஆண்டு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

பரிகாரம் எளிது. கட்டளையில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இடுங்கள். மதிப்பைத் தனியே, எக்ஸிக்யூட் என்னும் செயலுக்கு இரண்டாவதாகக் கொடுங்கள். எங்கள் இன்டர்லாக்கிங் போலத்தான்: பாதையை அமைத்துப் பூட்டிய பிறகே சிக்னல் கிடைக்கும், வாகனில் நெல் வந்தாலும் நிலக்கரி வந்தாலும் பாயிண்ட் அசையாது.

மூன்று எச்சரிக்கைகள்: கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் குறி கூடாது. மதிப்பு ஒன்றே ஆனாலும், அடைப்புக்குறிக்குள் அதன்பின் காற்புள்ளி வேண்டும். அட்டவணையின் பெயரை இவ்வாறு அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களைப் பட்டியலிட்டு, அதிலிருந்தே எடுக்கவேண்டும்.

மேற்கோள் குறியை நீக்கிவிடலாமே என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒருவர் முகவரியைத் திருத்த நமக்கு என்ன உரிமை? திருத்த வேண்டியது என் புரோகிராமை. திருத்திய பிறகே இணையத்தில் ஏற்றினேன். உங்கள் சங்கத்துக்கும் பிள்ளைகள் யாரேனும் இப்படி எழுதித் தந்திருந்தால், "மதிப்பைத் தனியே அனுப்புகிறாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.