சுமையில் தடுமாறும் இன்ஜின்

1961-இல் தொடங்கப்பெற்ற லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் பாடியிலே மோட்டார் வாகனங்களின் மின் உறுப்புகளை ஆக்கத் தலைப்பட்டதும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்ததும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் சேர்ந்து, சென்னையின் மேற்குப் பகுதியை யந்திர நுட்பம் தழைக்கும் பிரதேசமாக ஆக்கின. அந்த ஆவடியில் டி-90 டாங்கிக்கென உற்பத்தியாகும் 1000 குதிரைத்திறன் டீசல் இன்ஜினுக்குக் காற்றூட்டுகிற டர்போ என்னும் சாதனம், இன்று அவ்வட்டாரத்துச் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களிலும் இடம்பெற்றுவிட்டது. பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் ஆக்கி 2019-இல் வெளியிட்ட வென்யூ காரில், 998 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடைய இன்ஜின் ஏறத்தாழ 120 குதிரைத்திறன் தருவது இச்சாதனத்தின் பயனே ஆகும்.

இத்தகைய கார்களைக் குறித்து மெக்கானிக்குகளிடம் வரும் முறையீடு ஒன்று விசித்திரமானது. நின்ற நிலையில் இன்ஜின் சீராக ஓடுகிறது. தெருவில் மெல்லச் சென்றால் குறையொன்றும் தெரிவதில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாடி மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் வண்டி இழுக்காமல் குலுங்குகிறது, ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறது. சுமையில்லாத வேளையில் மறைந்திருந்து, சுமையேறியவுடன் வெளிப்படும் அந்தச் சுபாவத்திலேயே தோஷத்தின் காரணமும் அடங்கியிருக்கிறது.

சுவிட்சர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்ததே டர்போ. புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம்; சக்தி பெருகுகிறது. ஆனால், அவ்வாறு நெருக்கி அடைக்கப்பட்ட காற்றினூடே பிளக்கின் பொறி பாய்வது எளிதன்று. வாயுவில் பொறி பாய்வதற்கு வேண்டிய வோல்ட்டேஜ், வாயுவின் அழுத்தத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பதை ஜெர்மானிய பௌதிக விஞ்ஞானி ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் நிறுவினார். அழுத்தம் ஏறினால் வோல்ட்டேஜும் ஏறியாக வேண்டும். அல்லது இடைவெளி குறைய வேண்டும். சாதாரண இன்ஜினில் ஒரு மில்லிமீட்டர் அளவிலிருக்கும் பிளக் இடைவெளி, டர்போ இன்ஜின்கள் பலவற்றில் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டராக வைக்கப்படுவது இதனாலேயே. நாளடைவில் முனை தேய்ந்து இடைவெளி அகன்றாலோ, பிளக்கிற்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலின் காப்புறை வெடித்து மின்சாரம் குறுக்கு வழியில் இன்ஜின் உடலுக்குத் தாவினாலோ, மெல்ல ஓடும்போது பொறி பிழைத்துக்கொள்ளும். டர்போ அமுக்கும்போது அணைந்துவிடும்.

காரணம் விளங்கியபின் பரிசோதனைக்கு ஒரு கிரமம் தானே அமைகிறது. கிராங்க் அச்சு ஒவ்வோர் எரிதலின்போதும் பெறும் உந்துதலைக் கவனித்து, எந்த சிலிண்டரில் எரிதல் தவறியது என்பதை வண்டியின் கணினி குறித்துவைக்கிறது. ஸ்கேனரில் பி0302 என்று தோன்றினால் குற்றம் இரண்டாவது சிலிண்டரில். அதன் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றி மறுபடி ஓட்டும்போது குறியீடு பி0301 ஆனால், காயிலே குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும், பின்னர் இன்ஜெக்டரையும், இறுதியில் சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அதே வரிசையில் சோதிக்கலாம். புதிய உறுப்பு ஒன்றும் வாங்காமலே பாதி விசாரணை இவ்வாறு முடிந்துவிடுகிறது.

குலுக்கமின்றிச் சக்தி மட்டும் குறைந்து, பி0299 என்ற குறியீடு தென்பட்டால், டர்போ தரவேண்டிய அழுத்தம் இன்ஜினைச் சேரவில்லை என்று பொருள். அப்பொழுதும் விலையுயர்ந்த டர்போவின்மீது உடனே பழி சுமத்தலாகாது. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் கீறியிருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கசியலாம், அழுத்தம் மிகாதபடி புகைவாயுவை டர்போ சக்கரத்துக்குப் புறம்பே திருப்பிவிடும் வேஸ்ட்கேட் மூடாமல் நிற்கலாம். காற்றுப் பாதையை அடைத்துப் புகை செலுத்தினால், கசிவு தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

எரிதல் தவறுவதால் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னும்போது மட்டும் ஆலோசனைக்கு இடமில்லை. எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிந்து, அதன் பீங்கான் கூட்டை உருக்கிவிடும் அபாயம் உண்டு. வேகத்தைத் தணித்து, வண்டியை ஓரங்கட்டுவதே விவேகம்.

ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றிக்கொண்டே போவது பரிசோதனையாகாது. அது உரிமையாளரின் பொருளையும் மெக்கானிக்கின் மதிப்பையும் ஒருங்கே கரைப்பது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழில் பயிலும் இளைஞர்களுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்பிக்கும் பொழுதே, பொறி ஏன் பாய்கிறது, ஏன் பாய மறுக்கிறது என்னும் பௌதிகத்தையும் கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் கற்றவன், இன்றைய இன்ஜின்களை மட்டுமின்றி, இனி வரும் யந்திரங்களையும் அஞ்சாமல் திறந்து பார்ப்பான்.