சாவியும் திறவுகோலும்

மாலையில் சங்கத்தின் நூல் கிடங்கைப் பூட்டும் வேளையில், "சாவி யாரிடம் உள்ளது?" என்று கேளாத நாளில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளரும் இராசபாளையத்துப் பருத்தி விவசாயியும் ஒருங்கே வழங்கும் இச்சொல், கடல் கடந்து நம்மிடம் வந்ததாகும். அதன் வரலாற்றை உறுப்பினர்கள் அறிதல் நலம்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றுவோம். கதிரில் மணி பிடியாது பயிர் பொய்த்தால் அதனையும் 'சாவி' என்கிறோம். அது 'சாவு' என்பதினின்று பிறந்த தமிழ்ச் சொல். பூட்டின் சாவியோ போர்த்துக்கீசியர் தந்தது. 1498இல் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய அவர்கள், 1530களில் நமக்கு அண்மையிலுள்ள முத்துக்குளித்துறைக் கரையிலும் செல்வாக்குப் பெற்றனர். அவர்கள் 'சாவெ' என்றதை நாம் 'சாவி' என்றோம். ஜன்னல், அலமாரி, மேஜை என்பனவும் அவ்வழி வந்தவையே.

அவர்தம் மொழிக்குத் தாய், பண்டை உரோமாபுரியின் இலத்தீன். அதில் இக்கருவிக்குப் பெயர் 'கிளாவிஸ்'. அதுவே இத்தாலியில் 'கியாவெ' என்றும், பிரான்சில் 'கிளே' என்றும், ஸ்பெயினில் 'யாவெ' என்றும், ருமேனியாவில் 'கெயெ' என்றும் வழங்குகிறது. இம்மாற்றம் மனம்போனபடி நிகழ்ந்ததன்று. இலத்தீனில் மழைக்குப் பெயர் 'புளுவியா'. கிளாவிஸின் முதலெழுத்துத் திரிந்தவாறே இதன் முதலெழுத்தும் திரிந்து, போர்த்துக்கீசியர் வாயில் 'சூவா' என்றும், ஸ்பானியர் வாயில் 'யூவியா' என்றும் ஆயிற்று. நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' எனவும், 'பல்' 'ஹல்லு' எனவும் ஒலிப்பதில் காணும் ஒழுங்கு போன்றதே இதுவும்.

இனிப் பொருளை நோக்குவோம். இலத்தீனில் மூடுதலைக் குறிக்கும் 'கிளாவுதெரே' என்னும் வினைக்கும் 'கிளாவிஸ்' என்பதற்கும் வேர் ஒன்றே. நம் முன்னோரோ அதே கருவியைத் 'திறவுகோல்' என்றனர். அவர்கள் மூடுதலைக் கண்டு பெயரிட்டனர். நாம் திறத்தலைக் கண்டு பெயரிட்டோம்.

கூட்டுறவுச் சங்கத்திற்கு இவ்விரண்டும் வேண்டும். பங்குத் தொகையும் நூலும் விதையும் களவு போகாமல் பூட்டிக் காத்தல் நிர்வாகிகளின் கடமை. இருப்பையும் கணக்கையும் கேட்கும் உறுப்பினருக்குத் திறந்து காட்டுதலும் அவர்தம் கடமையே. கேட்க வேண்டியது உறுப்பினர் கடமை. பூட்ட மட்டுமே அறிந்த கையில் சாவி தங்குமாயின், நம் உழைப்பெல்லாம் வயலில் போன சாவியாகிவிடும். ஆகவே, "சாவி யாரிடம் உள்ளது?" என்று கேட்பதோடு நில்லாது, "கடைசியாகத் திறந்து காட்டியது எப்போது?" என்றும் கேட்போமாக.