வேக உணரி: பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில் ஃபிட்டர், வெல்டர், லேத் ஆபரேட்டர், மெக்கானிக், கார் ஓட்டுநர் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். இதில் வியப்பில்லை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. நிறுவனம் அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. பாடியில் வண்டிகளுக்கு மின்சாதனமும் பிரேக்கும் சக்கரமும் செய்யும் ஆலைகள் அருகருகே நிற்கின்றன. பூவிருந்தவல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன.

இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டலை நடத்தும்போது நாம் கரும்பலகையில் வரைவது ஒரு சட்டக் காந்தமும் ஒரு கம்பிச்சுருளும்தான். அதே காந்தமும் அதே சுருளும் தெருமுனைப் பட்டறையில் நிற்கும் காரின் கியர்பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பாடநூல் அதை 'உணரி' என்கிறது, பட்டறையில் 'சென்சார்' என்கிறார்கள். இரண்டு சொல்லையும் வகுப்பில் புழங்கவிடுவதே நல்லது.

கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர் வண்டிகள் இன்று வாடகைக் கார்களிலும் நிறைய வந்துவிட்டன. 2014-இல் மாருதி செலெரியோ குறைந்த விலையில் அவ்வசதியுடன் வந்த பிறகு இது பணக்காரர் வண்டி என்ற எண்ணம் போய்விட்டது. ஓட்டுநரின் இடது காலும் இடது கையும் செய்த வேலையை இங்கே ஒரு சிறு கணினி செய்கிறது. ஓட்டுநர் காதால் இஞ்சின் ஓசையைக் கேட்டு கியர் மாற்றுவார். கணினிக்குக் காது கிடையாது. கியர்பெட்டிக்குள் நுழையும் தண்டு என்ன வேகத்தில் சுழல்கிறது, வெளியேறும் தண்டு என்ன வேகத்தில் சுழல்கிறது என்ற இரண்டு செய்திகளை வைத்தே அது முடிவெடுக்கிறது. அச்செய்திகளைத் தருபவைதான் உள்வேக உணரியும் வெளிவேக உணரியும்.

உணரியின் உள்ளமைப்பு எளிது. விரல் நீளப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பிச் சுருள். அதன் முனைக்கு எதிரே, மயிரிழை இடைவெளியில், பற்களுள்ள இரும்புச் சக்கரம் சுழல்கிறது. ஒரு பல் நெருங்கும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. பாயம் மாறினால் மின்னியக்கு விசை பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டதுதான் இங்கே நடப்பது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின்துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் வேகம் கிடைக்கிறது. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, காந்தமும் சுருளும் அசைவதே இல்லை என்பது. 'காந்தத்தை உள்ளே தள்ளி வெளியே இழு' என்று மட்டும் படித்த பிள்ளைக்கு இது புதிது. அசைய வேண்டியது காந்தம் அல்ல, மாற வேண்டியது பாயம் என்பது இங்கேதான் விளங்கும்.

இவ்வகைக்கு ஒரு குறை உண்டு. வண்டி ஊர்ந்து செல்லும்போது பாயம் மெதுவாக மாறுவதால் துடிப்பு மிகவும் வலுவிழக்கும். அதனால் பல வண்டிகளில் இப்போது ஹால் வகை உணரி வருகிறது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட இது மெதுவான வேகத்திலும் தெளிவான துடிப்பு தரும். ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டும். சுருள் வகைக்கு இரண்டு வயர், ஹால் வகைக்குப் பெரும்பாலும் மூன்று வயர். மெக்கானிக் முதலில் வயரை எண்ணுவது இதனால்தான்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று கொள்வோம். சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 5.56 சுற்று சுழலும். சக்கரம் ஒரு சுற்று சுழல, வெளித்தண்டு 4 சுற்று சுழல்வதாக வைத்தால் நொடிக்கு 22.2 சுற்று. தண்டிலுள்ள சக்கரத்துக்கு 18 பற்கள் என்றால் கணினிக்கு நொடிக்கு 400 துடிப்புகள் போகும். நேர்விகிதம், அலகு மாற்றம், வட்டத்தின் சுற்றளவு மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. வேகம் 54 கி.மீ. ஆனால் எத்தனை துடிப்பு என்று கேட்டுப் பாருங்கள். முழுக்கணக்கையும் மறுபடி போடாமல் 600 என்று சொல்லும் பிள்ளைக்கு நேர்விகிதம் புரிந்துவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை ஓட்டும் வாடகைக் கார் தேங்கிய நீரில் சென்று வந்த சில நாட்களில் மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டது. வேகமானி முள் திடீர் திடீரெனச் சுழியத்துக்கு விழுந்தது. ஒரு பட்டறையில் கியர்பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் இல்லை, கடன் தவணை மட்டும் உண்டு. வேறொரு மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்தினார். பி 0720 என்ற குறியீடு வந்தது. வெளிவேக உணரியின் மின்சுற்றில் பழுது என்பது அதன் பொருள். உணரியை மாற்றியதும் வண்டி சரியானது. கியர்பெட்டியைப் பிரிக்கவே தேவை வரவில்லை. மாணவி வகுப்பில் கேட்டாள்: "சார், ஒரு சின்ன சுருள் அறுந்து போனதுக்கு வண்டி ஏன் கியரே மாத்தல?"

அந்தக் கேள்விக்கு விடை விகிதத்தில் இருக்கிறது. உள்தண்டு நிமிடத்துக்கு 2400 சுற்று, வெளித்தண்டு 1600 சுற்று என்றால் விகிதம் 1.5. அந்த கியருக்கு உரிய விகிதமும் 1.5 என்றால் கணினிக்குத் திருப்தி. வெளிவேக உணரி துடிப்புகளைத் தவறவிட்டு 1200 என்று சொன்னால் விகிதம் 2 ஆகிவிடும். உள்ளே தட்டுகள் வழுக்குகின்றன என்று கணினி நினைக்கும். செய்தியே வராவிட்டால் எதையும் நம்ப முடியாத நிலை. அப்போது பெட்டி மேலும் கெடாமலிருக்க ஒரே கியரில் வண்டியைப் பூட்டிவிடுகிறது. ஓட்டுநர் மெதுவாகப் பட்டறைக்குப் போய்ச் சேரலாம். இது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

குறியீடு 'உணரியின் மின்சுற்று' என்றுதான் சொல்கிறது, 'உணரி' என்று சொல்லவில்லை. உணரி, வயர், இணைப்பான், கணினி எல்லாம் சேர்ந்ததே சுற்று. குறியீட்டைப் பார்த்தவுடன் புது உணரி வாங்குவது, காய்ச்சல் என்றதும் சோதிக்காமல் மாத்திரை விழுங்குவது போன்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நீர் புகுந்தது நினைவிருக்கும். அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியில், மெக்கானிக்குகள் கப்ளர் என்று சொல்லும் இணைப்பானில் பச்சை பூத்திருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். முதலில் கப்ளரைத் திறந்து பார்க்க வேண்டும். சுருள் வகையானால் மல்டிமீட்டரில் மின்தடை பார்க்கலாம். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டோடு ஒப்பிட வேண்டும். எல்லையற்ற மின்தடை காட்டினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. நம் மாணவியின் வீட்டு வண்டியில் நடந்தது அதுதான். ஹால் வகையை இப்படிச் சோதிக்கக் கூடாது. அதற்கு மின்சாரம் வந்து சேர்கிறதா, சக்கரம் சுழலும்போது துடிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலை பெரும்பாலான வண்டிகளில் அரைமணி, ஒரு மணி நேரம்தான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, தாங்குகால் வைக்க வேண்டும். உணரியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். இல்லையெனில் மண் பெட்டிக்குள் விழும். கப்ளரின் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சிறு போல்ட். அதைக் கழற்றி உணரியை லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும், கொஞ்சம் ஆயில் கசியும்.

வெளியே வந்த உணரியின் முனையை உற்றுப் பார்க்க வேண்டும். காந்தம் அல்லவா, இரும்புத்துகள் ஒட்டியிருக்கும். மெல்லிய கருஞ்சாந்து போலிருந்தால் இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் செதில்களாக இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. புது உணரி போட்டாலும் தொல்லை தீராது. புது உணரியின் ரப்பர் வளையத்தில் அதே கியர் ஆயிலைத் தடவிக் கையால் அழுத்தியே பொருத்த வேண்டும். சுத்தியல் பட்டால் உறை விரியும். போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கே முறுக்க வேண்டும், ஏனெனில் பெட்டி அலுமினியம், மரை எளிதில் போய்விடும். பிறகு ஆயில் மட்டம் பார்த்து, குறியீட்டை அழித்து, ஓட்டிப் பார்ப்பது. சில வண்டிகளில் உணரி பெட்டிக்கு உள்ளேயே இருக்கும். அடித்தட்டை இறக்க வேண்டிய அந்த வேலை அனுபவமுள்ளவருக்கே உரியது.

வகுப்பறைக்குக் கார் தேவையில்லை. ஒரு கனமான இரும்பு போல்ட்டில் மெல்லிய காப்பிட்ட செம்புக்கம்பியைச் சில நூறு சுற்றுகள் சுற்றி, போல்ட்டின் தலையில் வலுவான காந்தம் ஒன்றை ஒட்டுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலியைக் கழற்றி, மிதியோடு சேர்ந்த பல்சக்கரத்தின் பற்களுக்கு மிக அருகில் போல்ட்டின் முனையை நிறுத்துங்கள். சுருளின் இரு முனைகளையும் காலை வழிபாட்டுக் கூட்ட ஒலிபெருக்கியின் மைக் துளையில் இணைத்து, ஒலியளவைக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். மிதியைச் சுழற்றினால் உறுமல் கேட்கும். வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும். 44 பற்கள் உள்ள சக்கரம் நொடிக்கு 2 சுற்று சுழன்றால் அதிர்வெண் 88. பற்களை எண்ணும் வேலையைக் கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சுழலும் பற்களுக்கு அருகே விரல், துப்பட்டா போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் பள்ளி வளாகத்திலேயே காட்டலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். ஆசிரியர்களின் வண்டிகளில் அப்படி ஒன்று நிற்கலாம். முன்சக்கரத்தின் டிஸ்க்குக்கு உள்பக்கம், சிறு துளைகள் வரிசையாக உள்ள ஒரு வளையமும் அதை ஒட்டி ஒரு கருப்பு உணரியும் தெரியும். இங்கே பல்லுக்குப் பதில் துளை. துளைகளை எண்ணி, டயரின் சுற்றளவை நூலால் அளந்து, 36 கி.மீ. வேகத்தில் எத்தனை துடிப்பு வரும் என்று கணக்கிடச் சொல்லலாம். இந்தக் கணக்கில் 4 வராது. ஏன் வராது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.